வழிகாட்டி நாய்

வழிகாட்டி நாய் என்பது பார்வையற்றோரும் பார்வை மிகக் குன்றியோரும் பிறர் துணையின்றி நடமாடுவதற்கு உதவும் வகையில் பயிற்றுவிக்கப்பட்ட நாய் ஆகும். மாற்றுத் திறனாளிகளுக்கு உதவும் துணை நாய்களுள் முறையான பயிற்சிப் பள்ளிகளைக் கொண்ட மிகப் பழைய வகை இதுவே. செவிப்புலன் குன்றியோருக்கு அழைப்பு மணியையும் குழந்தையின் அழுகையையும் உணர்த்தும் நாய்கள், சக்கர நாற்காலியில் இருப்போருக்குக் கீழே விழுந்த பொருளை எடுத்துத் தரும் நாய்கள், வலிப்பு நோயாளிகளுக்கு உதவும் நாய்கள் ஆகியவை பின்னர் வந்தவை.

வழிகாட்டி நாயைக் கடையில் வாங்குவது போல் வாங்க இயலாது. அதனை வளர்த்துப் பயிற்றுவிக்கும் பள்ளிக்கு விண்ணப்பித்து, தகுதி ஆராயப்பட்டு, அங்கேயே தங்கி நாயுடன் சேர்ந்து பயின்ற பின்னரே பெற முடியும். பயிற்சி நாய்க்கு மட்டும் உரியதன்று. மனிதரும் நாயும் ஓர் இணையாகப் பயிற்றுவிக்கப்படுகின்றனர். நல்ல நாய்களும் திறமையான பயிற்றுநர்களும் உள்ள இந்தியாவில் வழிகாட்டி நாய்கள் ஏன் பரவவில்லை என்பதை விளங்கிக்கொள்ள இந்த ஏற்பாட்டை அறிவது தேவையாகும்.

பணியின் தன்மை

வழிகாட்டி நாய்க்குப் போகுமிடம் தெரியும் என்பது பரவலான தவறான கருத்தாகும். வழியை அறிந்திருக்க வேண்டியவர் மனிதரே. எடுத்துக்காட்டாக, கோயம்புத்தூர் காந்திபுரம் நகரப் பேருந்து நிலையத்திலிருந்து கிராஸ்கட் சாலையில் உள்ள ஒரு கடைக்குச் செல்ல விரும்பும் பார்வையற்றவர், எத்தனையாவது திருப்பத்தில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைத் தம் மனத்தில் வரைபடமாக வைத்திருக்க வேண்டும். அவர் "முன்னே", "இடம்", "வலம்" என்பன போன்ற ஆணைகளைத் தருகிறார். அந்த ஆணைக்கு உட்பட்டு, இடையில் உள்ள தடைகளை விலக்கி நடப்பதும், படிக்கட்டு, நடைபாதை விளிம்பு, பள்ளம் ஆகியவற்றின் முன் நின்றுவிடுவதும் நாயின் வேலை. நாய் நின்றவுடன் மனிதர் காலால் தடவிப் பார்த்துக் காரணத்தை அறிந்து அடுத்த ஆணையைத் தருகிறார்.

போக்குவரத்து விளக்குகளை நாய் படிப்பதில்லை. சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்தும் திறன் நாய்களுக்கு மிகக் குறைவு. வண்டிகளின் ஓசையைக் கேட்டு எப்போது சாலையைக் கடக்கலாம் என முடிவு செய்பவர் மனிதரே. ஆனால் அவர் தவறாக முடிவு செய்து "முன்னே" என்று சொல்லும்போது வண்டி வருமாயின் நாய் நகர மறுக்க வேண்டும். இது அறிவார்ந்த கீழ்ப்படியாமை எனப்படுகிறது. எல்லா ஆணைகளுக்கும் கீழ்ப்படியப் பழக்கப்பட்ட விலங்கிற்கு எப்போது மீற வேண்டும் என்பதைக் கற்பிப்பதே இப்பயிற்சியின் கடினமான பகுதியாகும்.

வெள்ளைக் கோலுக்கும் நாய்க்கும் உள்ள வேறுபாடு பலரும் எண்ணுவது போன்றதன்று. கோல் தடையைத் தொட்டு அறிகிறது. நாய் தடையைத் தொடாமல் சுற்றிச் செல்கிறது. இதனால் நடை விரைவாகிறது. கடை முகப்பில் தாழ்ந்து தொங்கும் தகரக் கூரை, மரக்கிளை, நிற்கும் சரக்குந்தின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி போன்று இடுப்பிற்கு மேலுள்ள தடைகளைக் கோலால் அறிவது கடினம்; பயிற்சி பெற்ற நாய் அவற்றையும் கணக்கில் கொள்கிறது. மறுபுறம், கோலைப் பயன்படுத்துவோர் ஒரு மின்கம்பத்தையோ தொட்டியையோ தட்டி "இங்கே வந்துவிட்டோம்" என அடையாளம் காண்பதுண்டு. நாயுடன் செல்வோருக்கு அந்த அடையாளங்கள் கிடைப்பதில்லை. கோலுக்கு உணவு வேண்டாம், நோய் வராது, மூலையில் சாத்தி வைத்துவிடலாம் என்பதையும் கருத வேண்டும். வழிகாட்டி நாய்ப் பள்ளிகள் பல உள்ள நாடுகளிலும் பார்வையற்றோரில் சிறு பங்கினரே நாயைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

வரலாறு

முதலாம் உலகப் போரில் பார்வையிழந்த படைவீரர்களுக்காக 1916ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் மருத்துவர் கெர்கார்டு ஸ்டாலிங் முதல் வழிகாட்டி நாய்ப் பள்ளியைத் தொடங்கினார். 1923இல் பாட்ஸ்டாமில் மற்றொரு பெரிய மையம் அமைந்தது. சுவிட்சர்லாந்தில் வேலை நாய்களை வளர்த்துவந்த அமெரிக்கரான டோரதி யூஸ்டிசு இம்மையத்தைப் பார்த்துவிட்டு எழுதிய கட்டுரை, 1927 நவம்பரில் "சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்" இதழில் வெளியானது.

அக்கட்டுரையைத் தந்தை படிக்கக் கேட்ட நாஷ்வில் நகரத்து இளைஞர் மாரிஸ் ஃபிராங்க் யூஸ்டிசுக்குக் கடிதம் எழுதினார். தமக்கு ஒரு நாய் வேண்டும் என்பதோடு நில்லாமல், பயின்று திரும்பியபின் தம் நாட்டில் பிற பார்வையற்றோருக்கும் கற்பிப்பதாக அவர் உறுதி கூறியிருந்தார். 1928இல் சுவிட்சர்லாந்து சென்று "பட்டி" என அவர் பெயரிட்ட பெண் ஜெர்மன் ஷெப்பர்டு நாயுடன் பயிற்சி பெற்றார். (கொங்கு நாட்டு வாசகர் இதனை ஆட்டுப்பட்டியுடன் தொடர்புபடுத்த வேண்டியதில்லை, அது தோழன் என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல்.) அவ்வாண்டு சூன் மாதம் நியூயார்க்கில் இறங்கியதும், நெரிசல் மிகுந்த வெஸ்ட் தெருவைச் செய்தியாளர்கள் பார்க்க நாயுடன் கடந்து காட்டினார். 1929 சனவரியில் இருவரின் முயற்சியால் தொடங்கப்பட்ட "தி சீயிங் ஐ" பள்ளி இன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் மாரிஸ்டவுனில் இயங்கிவருகிறது. பிரித்தானியாவில் 1931 அக்டோபரில் வாலசி என்னும் ஊரில் முதல் நான்கு இணைகள் பயிற்சியை நிறைவு செய்தன.

ஆசியாவில் இத்துறையில் முன்னோடி நாடு ஜப்பான் ஆகும். போரில் பார்வையிழந்தோருக்காக 1939இல் ஜெர்மனியிலிருந்து நான்கு நாய்கள் அங்கு கொண்டுவரப்பட்டன. 1957இல் கெனிச்சி சியோயா "சாம்பி" என்ற நாயை உள்நாட்டிலேயே பயிற்றுவித்தார். துணை நாய்களுடன் பொது இடங்களில் நுழையும் உரிமையை அளிக்கும் தனிச்சட்டம் 2002இல் இயற்றப்பட்டது. முதல் நாய்க்கும் சட்டத்திற்கும் இடையே 60 ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளி இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

விண்ணப்பித்தல்

பள்ளிக்குப் பள்ளி விதிகள் மாறினாலும் அடிப்படை ஒன்றே. விண்ணப்பத்துடன் கண் மருத்துவர் அறிக்கை, பொது மருத்துவ அறிக்கை, விண்ணப்பதாரரை அறிந்தோரின் கடிதங்கள் ஆகியவை கேட்கப்படுகின்றன. இவற்றைவிட முதன்மையானது, வெள்ளைக் கோலுடன் தனியே நடக்கும் பயிற்சியை அவர் ஏற்கனவே பெற்றிருத்தல். தாம் நிற்கும் திசை அறியாதவருக்கு நாயால் பயனில்லை என்பதால், நாய் வந்தபின் நடக்கக் கற்றுக்கொள்ளலாம் என எண்ணுவோர் திருப்பி அனுப்பப்படுகின்றனர். வாரத்தில் எத்தனை நாள் வெளியே செல்கிறார், எந்தெந்த வழிகளில், எவ்வளவு தொலைவு என்பவையும் கேட்கப்படும். வேலையில்லாத நாய் கற்றதை மறந்துவிடுகிறது.

ஓரளவு பார்வை எஞ்சியிருப்போருக்கு நாய் மறுக்கப்படுவதும் உண்டு. இது அநீதி போலத் தோன்றினாலும் காரணம் உள்ளது. தம் மங்கிய பார்வையை நம்பி நாயின் முடிவை அடிக்கடி மீறுபவருடன் செல்லும் நாய், விரைவில் முடிவெடுப்பதையே நிறுத்திவிடும்.

அடுத்த கட்டம் நேர்காணல் ஆகும். பயிற்றுநர் விண்ணப்பதாரரின் வீட்டிற்கு வந்து, நாய்க்குரிய சேணத்தின் ஒரு முனையைத் தாமே பிடித்துக்கொண்டு நாயைப் போல் முன்னால் நடக்கிறார். விண்ணப்பதாரர் கைப்பிடியைப் பற்றிப் பின்தொடர்கிறார். நாய் இல்லாமலே நடைபெறும் இச்சோதனை "ஜூனோ நடை" என்று அழைக்கப்படுகிறது. நடையின் வேகம், எவ்வளவு இழுவையை அவர் கை தாங்கும், திருப்பங்களில் உடல் எவ்வாறு திரும்புகிறது என்பவை இதில் அளக்கப்படுகின்றன. வீட்டார் அனைவரும் நாயை ஏற்கின்றனரா என்பதும் அப்போதே அறியப்படும்.

தேர்வு பெற்றோர் பல மாதங்கள், சில நாடுகளில் ஓராண்டிற்கும் மேல் காத்திருக்க நேரிடுகிறது. 2020இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது பிரித்தானிய அமைப்பு நாய் இனப்பெருக்கத்தைச் சில மாதங்கள் நிறுத்தியதால் அங்கு காத்திருப்புக் காலம் மிகவும் நீண்டது. வரிசைப்படி அடுத்த நாய் அடுத்தவருக்கு என்று வழங்கப்படுவதில்லை. விரைந்து நடப்பவருக்கு விரைந்து நடக்கும் நாய், அமைதியான சிற்றூரில் வாழ்பவருக்கு அதற்கேற்ற நாய் எனப் பொருத்தம் பார்க்கப்படுகிறது. பொருத்தம் சரியில்லாத திருமணத்தை நடத்துவதைவிடக் காத்திருப்பது மேல் என்பது பள்ளிகளின் கொள்கை.

ஒரு நாயை உருவாக்கப் பல பத்தாயிரம் டாலர் செலவாகிறது. இருப்பினும் தி சீயிங் ஐ பள்ளி முதல் நாய்க்கு 150 டாலரும் அடுத்தடுத்த நாய்களுக்கு 50 டாலரும் மட்டுமே பெறுகிறது. இலவசமாகப் பெறும் பொருள் என்ற எண்ணம் பயன்பாட்டாளருக்கு வரக்கூடாது என்பதே இக்கட்டணத்தின் நோக்கம். மீதிச் செலவு நன்கொடைகளால் ஈடுசெய்யப்படுகிறது.

பயிற்சி

நாய்க்குட்டிகள் ஏறத்தாழ எட்டு வார வயதில் தன்னார்வக் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்படுகின்றன. அக்குடும்பங்கள் ஓராண்டிற்கு மேல் வளர்த்து, பேருந்து, கடை, கூட்டம், வெடிச்சத்தம் ஆகியவற்றிற்குப் பழக்கித் திருப்பித் தருகின்றன. பின்னர் பள்ளியில் நான்கு முதல் ஆறு மாதம் வரை முறையான பயிற்சி நடைபெறுகிறது. லாப்ரடார் ரெட்ரீவர், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு, இவற்றின் கலப்பினங்கள் ஆகியவையே பெரும்பாலும் பயன்படுகின்றன. அச்சம், பூனையைத் துரத்தும் வேட்கை, உடற்குறை ஆகிய காரணங்களால் கணிசமான நாய்கள் தேர்ச்சி பெறுவதில்லை.

மனிதருக்கான பயிற்சி இரண்டு முதல் நான்கு வாரம் வரை நீடிக்கும். பெரும்பாலும் பள்ளியிலேயே தங்க வேண்டும். முதலிரு நாட்கள் நாய் தரப்படுவதில்லை. சேணத்தைப் பூட்டுதல், ஆணை கொடுத்தல், கை கால் அசைவுகள் ஆகியவை மட்டும் கற்பிக்கப்படுகின்றன. பின்னர் நாயின் பெயர் சொல்லப்பட்டு, அறையில் இருவரும் தனியே விடப்படுகின்றனர். அது வரை நாய் நேசித்தது பயிற்றுநரை. அவர் விலகிச் செல்ல, அறிமுகமில்லாத ஒருவரை அது ஏற்க வேண்டும். பல நாய்கள் கதவருகே படுத்துப் பயிற்றுநரின் காலடி ஓசைக்குக் காத்திருக்கும். உணவளித்தல், குறித்த நேரத்தில் வெளியே அழைத்துச் செல்லுதல், முடி வாருதல் ஆகிய அனைத்தையும் புதியவரே செய்வதன் நோக்கம் இந்தப் பற்றை மாற்றுவதே.

தெருப் பயிற்சி நேரான, அமைதியான வழிகளில் தொடங்கி, சந்தடி மிக்க சாலைகள், பேருந்து, தொடர்வண்டி நிலையம், அங்காடி, இரவு நேர நடை என வளர்கிறது. நாயின் ஒவ்வொரு அசைவும் கைப்பிடி வழியாகக் கைக்கு வந்து சேர்வதால், பயின்றவர்கள் நாயைக் கையால் "படிப்பதாகக்" கூறுவதுண்டு. தொடக்கத்தில் பெரும் இடையூறாக இருப்பது நாய் அன்று, நம்பிக்கையின்மையே. பல ஆண்டுகள் கோலால் நிலத்தைத் தட்டி நடந்தவர், முன்னால் எதையும் தொடாமல் விரைந்து நடக்க அஞ்சிக் கைப்பிடியைப் பின்னால் இழுக்கிறார். நாய் அதனை நிற்கும்படியான ஆணை என்று கொள்கிறது.

ஊர் திரும்பிய பின்னும் பள்ளியின் பொறுப்பு முடிவதில்லை. பயிற்றுநர்கள் வீட்டிற்கு வந்து பார்க்கின்றனர். வீடு மாறினாலோ, நாய் தவறான பழக்கத்தைக் கற்றாலோ மீண்டும் பயிற்றுவிக்கின்றனர். நாய் எட்டு முதல் பத்து வயதளவில் ஓய்வு பெறுகிறது. அதன்பின் பயன்பாட்டாளர் வீட்டிலோ வளர்த்த குடும்பத்திலோ வாழ்கிறது. இரண்டாவது நாயுடன் பயிற்சி பெறுவது முதலாவதைவிடக் கடினம் எனப் பலர் கூறுகின்றனர். பழைய நாயுடன் ஒப்பிடாதிருக்க முடிவதில்லை.

இந்தியாவில்

பன்னாட்டு வழிகாட்டி நாய்க் கூட்டமைப்பின் தரச்சான்று பெற்ற பள்ளி எதுவும் இந்தியாவில் இல்லை. நாய்களைப் பயிற்றுவிக்கும் திறன் இங்கு இல்லை என்பது இதன் பொருளன்று. மத்தியப் பிரதேசத்தின் தேக்கன்பூரில் எல்லைக் காவல் படையின் நாய்ப் பயிற்சி மையமும், மீரட்டில் இந்தியத் தரைப்படையின் மையமும் வெடிபொருள் கண்டறிதல், தடமறிதல் ஆகியவற்றிற்கு நாய்களைப் பயிற்றுவிக்கின்றன. ஆனால் காவல் நாயைக் கையாள்பவர் பார்வையுள்ள, சம்பளம் பெறும் பணியாளர். நாய் தவறினால் அவர் அதைக் காண்கிறார். வழிகாட்டி நாயின் தவற்றை அதன் துணைவர் காண இயலாது. ஆகவே இனப்பெருக்கம், தேர்வு, வாழ்நாள் கண்காணிப்பு ஆகிய மூன்றையும் பல பத்தாண்டுகள் தாங்கும் நிறுவனம் தேவைப்படுகிறது.

வெளிநாட்டுப் பள்ளிகளுக்கு இங்கிருந்து விண்ணப்பிக்கும் வழியும் குறுகலானது. கண்காணிப்புக்குப் பயிற்றுநர் வந்து செல்ல வேண்டும் என்பதால் பெரும்பாலான பள்ளிகள் தத்தம் நாட்டில் வாழ்வோரையே ஏற்கின்றன. தி சீயிங் ஐ அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழ்வோரை மட்டும் ஏற்கிறது. அங்கு குடியேறி நாய் பெற்ற ஒருவர் தாயகம் திரும்பும்போது, நாய் இறக்குமதிக்கான அனுமதியும் கால்நடைத் தனிமைப்படுத்தல் துறையின் தடையின்மைச் சான்றும் தேவை. சென்னை உள்ளிட்ட குறிப்பிட்ட சில வானூர்தி நிலையங்கள் வழியாகவே நாய்களைக் கொண்டுவர முடியும். மீண்டும் அமெரிக்கா செல்லும்போது சிக்கல் கூடுகிறது. வெறிநாய்க்கடி நோய் மிகுந்த நாடுகளின் அமெரிக்கப் பட்டியலில் இந்தியா உள்ளது. 2024 ஆகத்து முதல் நடைமுறையில் உள்ள கடுமையான விதிகள் துணை நாய்களுக்கும் பொருந்தும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் தடையற்ற சூழலை வலியுறுத்துகிறது. எனினும் வழிகாட்டி நாயைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இந்தியா 2007இல் ஏற்புறுதி செய்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 9ஆம் உறுப்பு, அணுகல் வசதிகளுள் ஒன்றாக உயிருள்ள துணைகளைக் குறிப்பிடுகிறது. வழிகாட்டி நாயை இதில் அடக்கலாம் என்று வாதிட இடமுண்டு. ஆனால் உணவக வாயிலில் தடுக்கப்படும் ஒருவருக்கு வாதம் போதாது. ஐக்கிய அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தேவை வெளிப்படையாகத் தெரியாதபோது கடைக்காரர் இரண்டு கேள்விகள் மட்டுமே கேட்கலாம்: இந்நாய் உடற்குறை காரணமாகத் தேவைப்படும் துணை நாயா, எப்பணிக்குப் பயிற்சி பெற்றுள்ளது என்பன. இந்தியாவில் அதற்கு இணையான விதி இல்லை. வானூர்திப் பயணத்தில் நிலைமை சற்று மேல். வளர்ப்பு விலங்குகளை ஏற்காத நிறுவனங்களும் பயிற்சி பெற்ற துணை நாயைப் பயணியர் அறையில் அனுமதிப்பதுண்டு.

சென்னையில் இந்திய நீலச் சிலுவைச் சங்கம் நடத்திய "டாக்டர் டாக்" திட்டம் சில வேளைகளில் துணை நாய்த் திட்டம் எனக் குறிப்பிடப்படுகிறது. அது வேறு வகையைச் சேர்ந்தது. சாந்தமான வீட்டு நாய்கள் உரிமையாளருடன் சிறப்புப் பள்ளிகளுக்கும் இல்லங்களுக்கும் சென்று அங்குள்ளோருடன் பழகுவதே அதன் முறை. அவை ஒருவருக்கென ஒதுக்கப்பட்ட நாய்கள் அல்ல.

கொங்கு நாட்டில்

கொங்கு நாட்டில் நாய் அயலான விலங்கன்று. தோட்டத்துச் சாளைகளிலும் ஆட்டுப்பட்டிகளிலும் அது காவலுக்கு வளர்க்கப்படுகிறது. ஆயினும் அதன் இடம் வாசலும் களமுமே. வழிகாட்டி நாயோ துணைவரின் படுக்கை அருகே உறங்க வேண்டும், அவருடன் நகரப் பேருந்திலும் உணவகத்திலும் அலுவலகத்திலும் இருக்க வேண்டும். காவல் நாயிடம் மதிக்கப்படும் குணம், அதாவது அயலாரைக் கண்டால் குரைப்பது, வழிகாட்டி நாயிடம் முதல் தகுதியின்மையாகும்.

கோயம்புத்தூர் கண் மருத்துவத்தில் பெயர் பெற்ற நகரம். சங்கரா கண் மருத்துவமனை, 1997 முதல் இயங்கும் அரவிந்த் கண் மருத்துவமனை ஆகியவற்றிற்கு அண்டை மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மக்கள் வருகின்றனர். கண்புரை அறுவையால் பார்வை திரும்புவோர் மிகப் பலர். கண்ணழுத்த நோயாலோ விழித்திரைச் சிதைவாலோ இழந்த பார்வை திரும்புவதில்லை. அத்தகையோருக்கு மருத்துவமனையின் வாயிலுக்கு அப்பால் என்ன என்னும் கேள்விக்கு, நடமாட்டப் பயிற்சியே விடையின் தொடக்கம்.

நகரத் தெருக்கள் மற்றொரு தடை. நாய் நடைபாதை விளிம்பைக் கண்டு நிற்கப் பழக்கப்படுகிறது. ஒப்பணக்கார வீதி போன்ற கடைத்தெருக்களில் நடைபாதையை வண்டிகளும் சரக்குகளும் நிறைத்திருக்கையில் அந்த விளிம்பே மறைந்துவிடுகிறது. பந்தயச் சாலையில் உள்ளது போன்ற அகன்ற நடைபாதைகள் பொதுநிலையல்ல, விதிவிலக்கு. எனினும் விளிம்பற்ற சாலைகளில் ஓரமாக நடப்பதற்கு நாய்களைப் பயிற்றுவிக்கும் முறைகள் வெளிநாட்டு ஊர்ப்புறங்களில் வழக்கத்தில் உள்ளன. ஆகவே சாலை நிலையைத் தீர்க்கவியலாத தடை எனக் கொள்வது பொருந்தாது.

தெருநாய்கள் அதைவிடக் கடினமான சிக்கலாகும். ஒவ்வொரு தெருவிலும் ஒரு கூட்டம் தன் எல்லையைக் காக்கிறது. சேணம் பூண்ட நாய் திருப்பித் தாக்கவோ ஓடவோ முடியாது. அது கவனம் சிதறினால் விழுபவர் மனிதர். ஒரு முறை கடுமையாகத் தாக்கப்பட்ட வழிகாட்டி நாய் அச்சத்தால் பணியிலிருந்தே விலக்கப்படுவது தெருநாய்கள் அரிதான நாடுகளிலும் நிகழ்கிறது. 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், கருத்தடையும் தடுப்பூசியும் செய்தபின் நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்கின்றன. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், தொடர்வண்டி நிலையங்கள் போன்ற இடங்களிலிருந்து அவற்றை அகற்றி மீண்டும் அங்கு விடாதிருக்க ஆணையிட்டது. பார்வையற்றோர் அன்றாடம் செல்ல வேண்டிய இடங்களும் இவையே.

தேவையான அறிவுத்துறைகளில் சில இப்பகுதியிலேயே உள்ளன. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985இல் தொடங்கப்பட்டது. உடுமலைப்பேட்டையில் மற்றொன்று 2020இல் தொடங்கப்பட்டது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றால் கோயம்புத்தூரின் வெப்பம் தமிழகச் சமவெளியின் பல ஊர்களைவிடக் குறைவு என்றாலும், கோடை நண்பகலில் தார்ச்சாலை நாயின் பாதத்தைச் சுடும் என்பதால் காலை, மாலை நடைகளே ஏற்றவை. சிப்பிப்பாறை, இராசபாளையம் போன்ற தமிழக இனங்களைப் பயன்படுத்தலாம் என்ற கருத்து அவ்வப்போது கூறப்படுகிறது. இவை வெப்பத்தைத் தாங்கும். ஆனால் சிப்பிப்பாறை ஓடும் இரையைக் கண்டதும் பாயும் வேட்டை நாய். இராசபாளையம் அயலாரை ஏற்காத காவல் நாய். தலைமுறைகள் பல கடந்த தேர்வு வளர்ப்பின்றி இவை இப்பணிக்குப் பொருந்தமாட்டா.

பயிற்சி பெற்ற துணை நாய் எனக் கூறித் தனியார் விற்கும் நாய்களை வாங்குவோர், அந்நாய் எங்கு, எவருடன், எத்தனை மாதம் தெருவில் பயின்றது என்பதையும், விற்றபின் யார் பொறுப்பு என்பதையும் கேட்டறிய வேண்டும். இணையத்தில் விற்கப்படும் அடையாள அட்டைகளுக்கும் மேலங்கிகளுக்கும் இந்தியாவில் சட்ட மதிப்பு எதுவுமில்லை. எதிர்காலத்தில் எந்தப் பள்ளிக்கு விண்ணப்பிப்பதாயினும் கோலுடன் தனியே நடக்கும் திறன் முதலில் கேட்கப்படும் என்பதால், மடக்கு வெள்ளைக் கோலும் அதற்கான பயிற்சியுமே இங்குள்ள ஒருவர் இன்றே தொடங்கக்கூடிய பகுதியாகும்.